ஆக்சுபோர்டுப் பயணமும் போப்பின் கல்லெழுத்தும்

பயண நூல் தமிழுக்குப் புதுவரவு என்பர். உரைநடையில் எழுந்த பயண நூலை மட்டும் கருதின் அக்கூற்று ஓரளவு பொருந்தும். ஆயின், தான் சென்று கண்ட வழியையும் ஊரையும் பிறர்க்கு எடுத்துரைக்கும் நெறி தமிழில் மிகப் பழையது. பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படையாக அமைந்திருத்தலே அதற்குச் சான்று. பரிசில் பெற்றவன் பெறாதவனை எதிர்ப்பட்டு, தான் சென்ற வழியைக் கூறி ஆற்றுப்படுத்துதல் அதன் இலக்கணம். ஈண்டு நாம் கருதவேண்டுவது ஒன்றுண்டு. வழி கூறுபவன் அவ்வழியே சென்று மீண்டவனாதல் வேண்டும். கேட்டவன் கூறும் வழி ஆற்றுப்படை ஆகாது. மலைபடுகடாம் வழியின் இனிமையோடு அதன் இடர்களையும் விரித்துரைப்பது, புலவர் கண்டார்போல் கூறவேண்டும் என்னும் இவ்விலக்கணத்தின் வலிமையினாலேயே என்க.

இந்நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் இங்கிலாந்து சென்று மீண்ட தமிழர் பலர். அவர்கள் எழுதியனவும் மேடைகளில் பேசியனவும் பல. இலண்டனுக்கு அடுத்து அவர்கள் விரும்பிச் செல்லும் நகரங்களுள் ஆக்சுபோர்டு ஒன்று. 1263ஆம் ஆண்டளவில் தோன்றிய பேலியல் கல்லூரி, 1602இல் திறக்கப்பெற்ற போட்லி நூலகம், 1683இல் தோன்றிய அசுமோலியன் அருங்காட்சியகம் என அந்நகரில் காணத்தக்கன மிகப் பல. உலகப் பயணிகள் அனைவரும் இவற்றைக் காண்பர். தமிழ்ப் பயணியோ இவற்றோடு மற்றொன்றையும் தேடிச் செல்கின்றார். அது சியார்ச்சு உக்லோ போப் அடிகளாரின் கல்லறை. அக்கல்லறையைப் பற்றி நாம் வழங்கிவரும் உரைகளை ஆராய்ந்து, பயண எழுத்தை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் ஒன்றை வகுக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குக் காரணமானதை முதற்கண் கூறுதல் முறை. நாம் வாழும் ஆத்தூர் திண்டுக்கல்லுக்கு அணித்தாய், மலையடிவாரத்தில், குடகனாற்று நீரால் வளம்பெறுவது. ஆற்றூர் என்பதே பேச்சில் ஆத்தூர் ஆயிற்று என்பது மொழியியல் அறிந்தார்க்கு வெளிப்படை. ஆக்சுபோர்டு என்னும் பெயரும் எருதுகள் ஆற்றைக் கடக்கும் துறை என்றே பொருள்படும். இரண்டும் ஆற்றால் பெயர்பெற்ற ஊர்கள். இவ்வொப்புமையை நாம் பயணம் மீண்டபின் மாணவர்க்குக் கூறிக்கொண்டிருந்தபொழுது, முதுகலை பயிலும் ஒருவர் எழுந்து, “ஐயா, போப் அடிகளார் தம்மைத் தமிழ் மாணவன் என்று பொறிக்கச் சொன்ன எழுத்தைக் கண்டீர்களா?” என்று வினவினார். காணவில்லை என்பதே நாம் கூறவேண்டியிருந்த விடை. அவ்விடை வகுப்பை வாட்டமுறச் செய்தது. அவ்வெழுத்து உண்டு என்று அதே வகுப்பறையில் பல ஆண்டுகள் கற்பித்தவர்களும் நாமே. ஆதலின் இக்கட்டுரை பிறர்பால் குற்றம் காண எழுந்ததன்று. நம் கூற்றைத் திருத்திக்கொள்ளவே எழுந்தது.

சைவ சித்தாந்த நூலோர் அறிவு பெறும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக அடக்குவர். போப் அடிகளார் தம் முதுமையில் ஈடுபட்டு ஆராய்ந்த துறை அது. அவர் கல்லறையைப் பற்றிய செய்தியை ஆராய அவ்வளவைகளையே கருவியாகக் கொள்ளுதல் பொருத்தமாகும்.

உரை

நாம் கேட்டுவந்த செய்தி பெரும்பாலும் மூன்று கூறுகளை உடையது. தம் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று பொறிக்க வேண்டும் என அடிகளார் விரும்பினார் என்பது ஒன்று. கல்லறைக்காகும் செலவில் ஒரு பகுதியேனும் தமிழர் கொடையாக அமைய வேண்டும் என்று கேட்டார் என்பது இரண்டு. தம் உடலோடு திருக்குறள், திருவாசக மொழிபெயர்ப்புகளை வைக்க வேண்டும் என்றார் என்பது மூன்று. பள்ளிப் பாடங்களிலும் பட்டிமன்றங்களிலும் விழா மலர்களிலும் இச்செய்தி இடம்பெற்றுவருகின்றது.

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகியவர்க்கு இச்செய்தியில் ஒரு கூறு உடனே புலப்படும். பாடம் நிலையாக இல்லை. ஒருவர் ‘மாணவன்’ என்பார். மற்றொருவர் ‘மாணாக்கன்’ என்பார். ஒருவர் விருப்பம் என்பார். ஒருவர் இறுதி முறி என்பார். பிறிதொருவர் அவ்வெழுத்து இன்றும் கல்லில் உள்ளது என்றே முடித்துவிடுவார். விருப்பம் என்று தொடங்கியது கல்லெழுத்தாய் முற்றியமை, செய்தி வாய்வழியே வளர்ந்தது என்பதைக் காட்டும். ஏடு பெயர்த்தெழுதுவோன் ஓரத்துக் குறிப்பை மூலத்துள் சேர்த்து எழுதிவிட, அது பிற்காலத்தார்க்கு மூலமாகவே தோன்றுவது போன்றதே இது. இடைச்செருகல் எனினும் தகும்.

காண்டல்

ஆக்சுபோர்டில் வால்டன் தெருவை ஒட்டியுள்ளது தூய செபல்கர் இடுகாடு. 1848இல் திறக்கப்பெற்றது. மரங்கள் அடர்ந்து அமைதியாய் விளங்குவது. அங்கேதான் 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் மறைந்த போப் அடிகளார் அடக்கம் செய்யப்பெற்றார். கல்லெழுத்து ஆங்கிலத்தில் உள்ளது. அதன் செய்தி வருமாறு: அவர் பெயரையும் பட்டத்தையும் கூறி, அவரைத் தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என்று குறிக்கின்றது. பல்கலைக்கழகத்தில் தமிழுக்கும் தெலுங்குக்கும் விரிவுரையாளராகவும், பேலியல் கல்லூரியின் குருவாகவும் இருந்தவர் என்கின்றது. பிறந்த நாளும் இறந்த நாளும் தருகின்றது. இறுதியாக, கீழைநாட்டு இலக்கியத்துக்கும் மெய்யியலுக்கும் அவர் வாழ்நாள் முழுதும் ஆற்றிய உழைப்பை அன்போடு வியந்து, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் இக்கல்லை நாட்டினர் என்று முடிகின்றது.

தமிழ் மாணவன் என்னும் தொடர் அக்கல்லில் இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. இது காண்டலளவை. இதனை மறுத்தற்கு எத்துணை இனிய உரையும் போதாது.

கருதல்

கல்லில் இல்லாததற்கு வருந்துவோர், கல்லில் உள்ளதை ஊன்றிப் படிப்பதில்லை. அதுவே நம் பயண எழுத்தின் பெருங்குறை. உள்ளதைப் படித்தால் கருதல் அளவையால் பெறப்படுவன நான்கு.

முதலாவது, அடிகளார் கனடாவிலுள்ள பிரின்சு எட்வர்டு தீவில் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் பிறந்தவர், இங்கிலாந்தில் வளர்ந்தவர், இங்கிலாந்திலேயே மறைந்தவர். எனினும் கல் அவரைத் தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என்றே அறிமுகப்படுத்துகின்றது. 1839இல், இருபது வயதும் நிரம்பாத இளைஞராய்த் தமிழகம் வந்து, சாயர்புரம், தஞ்சை, உதகை என்று பல்லாண்டு வாழ்ந்தவர்க்கு ஊர்ப்பெயராகத் தென்னிந்தியாவே அமைந்தது. மாணவன் என்பது ஒருவன் மேற்கொண்ட தொழிலைக் குறிப்பது. இன்ன நாட்டினன் என்பதோ ஒருவனது உரிமையைக் குறிப்பது. இரண்டனுள் கல் தரும் பெருமையே பெரிது என்பது எம் கருத்து.

இரண்டாவது, கல் அவரை விரிவுரையாளர் என்றும் கல்லூரிக் குரு என்றும் ஒருங்கே கூறுகின்றது. நாம் வழங்கும் உரையோ முன்னதை மட்டும் மாற்றுருவில் கொண்டு, பின்னதை மறைத்துவிடுகின்றது. அவர் சமயத் தொண்டராகவே வந்தவர். 1886இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பின் முன்னுரையில், மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவர் கிறித்தவப் போதனைகளைக் கேட்டிருத்தல் கூடும் என்று கருதினார். அக்கருத்தைத் தமிழறிஞர் பலர் மறுத்தனர், மறுத்தமை முறையே. அவரைத் ‘தமிழ் மாணவன்’ என்னும் ஒரே தொடருள் அடக்கிவிட்டால், அவரோடு நாம் மாறுபடுதற்கும் இடமில்லாது போகும். ஆராய்ச்சியாளரைப் போற்றும் முறை அவரோடு வாதிடுதலேயாகும். கல் இரு தொழிலையும் மறைக்கவில்லை. நாமும் மறைத்தல் வேண்டா.

மூன்றாவது, கல் கூறும் உழைப்பு இலக்கியத்தோடு நில்லாது மெய்யியலையும் தழுவுகின்றது. 1893இல் நாலடியாரையும் 1900இல் திருவாசகத்தையும் மொழிபெயர்த்துக் கிளாரண்டன் அச்சகத்தின் வாயிலாக வெளியிட்டார். திருவாசகப் பதிப்பில் சைவ சித்தாந்தத்தை விளக்கும் பகுதிகள் விரிவாக அமைந்துள்ளன. குறளின் மொழிபெயர்ப்பாளராக மட்டும் அவரை அறிந்த நமக்கு, அவர் உழைப்பின் மறுபாதியைக் கல் நினைவூட்டுகின்றது.

நான்காவதே இன்றியமையாதது. கல்லை நாட்டினோர் யாவர்? குடும்பத்தாரும் தமிழ் நண்பர்களும். நாம் கேட்ட உரையில் தமிழர் பொருள் கொடுக்கின்றனர்; ஆயின் அவர் கேட்டமையால் கொடுக்கின்றனர். கல்லிலோ அவர்கள் தம் அன்பினால், குடும்பத்தாரோடு ஒப்ப நின்று, தாமே நாட்டுகின்றனர். உரையில் தமிழர் போற்றப்படுவோர். கல்லில் தமிழர் போற்றுவோர். கடல் கடந்து ஓர் அறிஞர்க்கு நினைவுக்கல் எடுத்த அந்நண்பர்களின் செயலை, நம்மைப் புகழ்வதாக நாம் படைத்துக்கொண்ட ஒரு தொடர் மறைத்துவிட்டது. நம் முன்னோர் செய்த நன்றியை நாமே அழித்தவராகின்றோம்.

இனி, இவ்வுரை எழுந்த காரணத்தையும் கருதுதல் வேண்டும். அதனைப் பொய் என்று இகழ்ந்து ஒதுக்குதல் திறனாய்வு ஆகாது. அயலார் ஆட்சியில், ஆங்கிலம் அறிந்தாரே அறிஞர் எனப்பட்ட காலத்தில், ஆள்வோர் இனத்துப் பெரியார் ஒருவர் தம்மைத் தமிழுக்கு மாணவர் என்றார் என்பது, ஆசிரியர் மாணவர் என்னும் நிலையையே தலைகீழாக்கிக் காட்டியது. தாழ்த்தப்பட்ட மொழி ஒன்றன் மக்கள் அத்தொடரைப் பற்றிக்கொண்டமை இயல்பு. வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் ஔவையாரைப் பற்றியும் வழங்கும் கதைகள் எவ்வாறு ஒரு காலத்து மக்களின் உள்ளத்தைக் காட்டும் சான்றாகுமோ, அவ்வாறே இக்கதையும் ஆகும். ஆயின் கம்பரைப் பற்றிய கதையைக் கம்பராமாயணத்தின் பாடமாக நாம் அச்சிடுவதில்லை. கல்லறைக் கதையை மட்டும் கல்லெழுத்தாக அச்சிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

பயணியின் கடன்

கதையை நம்பிச் செல்லும் பயணிக்கு மற்றோர் இழப்பும் உண்டு. தான் தேடும் தொடர் கிட்டாமையால் ஏமாற்றமுற்று, அல்லது கிட்டியதாகவே கூறிக்கொண்டு, அவ்விடத்தோடு திரும்பிவிடுகின்றார். ஆக்சுபோர்டில் தமிழ் வாழ்ந்த இடங்கள் அக்கல்லறையைச் சுற்றி ஒரு நாழிகை நடைக்குள் அடங்கும். அவற்றைக் கண்டார் சிலரே.

அகலத் தெருவில் பேலியல் கல்லூரி உள்ளது. அதன் தலைவராக 1870 முதல் 1893இல் மறையும்வரை விளங்கிய பெஞ்சமின் சோவெட்டு, பிளேட்டோவை ஆங்கிலத்தில் பெயர்த்த பேரறிஞர். திருவாசகத்தை முழுதும் மொழிபெயர்த்து அச்சிடுமாறு போப்பைத் தூண்டியவர் அவரே. தமக்கு முதுமை வந்துற்றதே என்று போப் தயங்கியபொழுது, பெரும்பணி ஒன்றைக் கைக்கொண்டிருத்தலே நெடிது வாழும் வழி என்றும், அது முடியுங்காறும் வாழ்வீர் என்றும் அவர் ஊக்கியதைத் திருவாசகப் பதிப்பின் முன்னுரையில் போப் குறித்துள்ளார். அம்முன்னுரைக்கு அவர் இட்ட நாள் 1900 ஏப்ரல் 24. அஃது அவர் எண்பது வயது நிறைவுற்ற நாள். ஊக்கிய நண்பரும் அதே தூய செபல்கர் இடுகாட்டிலேயே அடக்கம் பெற்றுள்ளார். திருவாசகம் ஆங்கிலம் கண்டமைக்குக் காரணமான இருவரும் ஓரிடத்தில் உறங்குகின்றனர் என்பது கதையன்று. ஆயினும் இதனைக் கூறும் பயணியர் அரியர்.

அகலத் தெருவின் கீழ்க்கோடியில், மோனியர் வில்லியம்சின் முயற்சியால் எழுந்த இந்திய நிறுவனத்தின் பழைய கட்டடம் நிற்கின்றது. 1883இல் அடிக்கல் இடப்பெற்று, 1896இல் முற்றுப்பெற்ற அக்கட்டடத்தின் உச்சியில் காற்றுத்திசை காட்டுவது ஒரு யானை உருவம். போப் 1884 முதல் தமிழ் கற்பித்த காலத்தை ஒட்டியே அது வளர்ந்தது. இந்திய ஆட்சிப் பணிக்குச் செல்வோர்க்கு இந்திய மொழிகளைக் கற்பித்தல் அக்காலத்துப் பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று. தமிழ் அங்கே போற்றப்பட்டதற்கு ஆட்சித் தேவையும் காரணம் என்பதை அந்நிறுவனம் உணர்த்தும்.

வால்டன் தெருவிலேயே ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழக அச்சகம் உள்ளது. நாலடியாரையும் திருவாசகத்தையும் வெளியிட்ட கிளாரண்டன் அச்சகம் என்பது இதுவே. நூல் வெளிவந்த இடமும் நூலாசிரியர் உறங்கும் இடமும் ஒரே தெருவில் அமைந்துள்ளன. கல்லறையினின்று சற்றே நடந்தால் காணக்கூடிய இச்சான்றைக் காணாது, கல்லில் இல்லாத தொடரைக் கண்டதாகக் கூறுதல் எத்துணைப் பேரிழப்பு!

மற்றொரு சான்று

மெய்ப்பதிவின் ஆற்றலை அந்நகரமே மற்றோராற்றானும் நமக்கு உணர்த்தியுள்ளது. அசுமோலியன் அருங்காட்சியகம் 1967இல் இலண்டன் ஏலத்தில் திருமங்கையாழ்வாரின் செப்புத் திருமேனி ஒன்றை வாங்கியது. 16ஆம் நூற்றாண்டினது எனப்படுவது அது. அத்திருமேனி 1957இல் தமிழ்நாட்டுச் சௌந்தரராசப் பெருமாள் கோயிலொன்றில் இருந்ததைக் காட்டும் நிழற்படம் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தது. 2019இல் ஆய்வாளர் ஒருவர் அதனைச் சுட்டிக்காட்ட, அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்கு அறிவித்தது. 2020இல் இந்தியா முறைப்படி உரிமை கோரியது. 2024 மார்ச்சுத் திங்களில் பல்கலைக்கழக அவை திருமேனியைத் திருப்பித் தருதற்கு இசைந்தது.

இந்நிகழ்ச்சி இரு வகையில் நம் பொருளோடு இயைபுடையது. அந்நகரின் அருங்காட்சியகத்துள் நுழையும் தமிழ்ப் பயணி வியப்போடு மட்டும் நில்லாது, இஃது எவ்வாறு இங்கு வந்தது என்றும் வினவவேண்டும் என்பது ஒன்று. அவ்வினாவுக்கு விடை தந்தது இன்னுரையோ சொற்பொழிவோ அன்று. அறுபத்திரண்டு ஆண்டுகட்கு முன் ஒருவர் கோயிலுக்குச் சென்று, கண்டதைக் கண்டவாறே எடுத்து, இடமும் ஆண்டும் குறித்து வைத்த ஒரு படம் என்பது மற்றொன்று. பக்தியால் எழுந்த தலபுராணம் ஆயிரம் இருப்பினும் அயல்நாட்டு அவையில் செல்லுபடியாவது அக்குறிப்பே. நாம் கல்லறையில் இல்லாததை உண்டென்று கூறிப் பழகின், நம் கோயில்களில் உள்ளதை உண்டென்று கூறும்பொழுதும் உலகம் நம்மை நம்பத் தயங்கும். இதுவே யாம் இப்பொருளைச் சிறிது என்று எண்ணாது எழுதியதற்குக் காரணம்.

முடிபு

தமிழ்ப் பயண எழுத்தில் கண்டதைக் கண்டவாறு கூறும் மரபு இல்லாமல் இல்லை. அ. க. செட்டியார் தாமே உலகம் சுற்றியதோடு அமையாது, பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்து, பிறர் கண்டதைப் பிற்காலத்தார்க்குச் சான்றாக்கினார். சோமலெ ஊர்களையும் மாவட்டங்களையும் செய்திச் செறிவோடு எழுதினார். ஆற்றுப்படை வகுத்த நெறியின் உரைநடை வழித்தோன்றல்கள் அவர்கள். அவ்வழி நின்று எழுதுவோர் கண்டது, கேட்டது, கருதியது என்னும் மூன்றையும் வேறுவேறாகப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். மூன்றும் எழுதத்தக்கனவே. ஒன்று மற்றொன்றாக உருமாறுதலே குற்றம்.

வகுப்பில் வாட்டமுற்ற அம்மாணவர்க்கு நாம் மறுநாள் கல்லெழுத்தின் செய்தியைக் கரும்பலகையில் தமிழில் எழுதிக் காட்டினோம். அவர் நெடுநேரம் அதனை நோக்கியிருந்து, “அந்தத் தமிழ் நண்பர்கள் யார் ஐயா?” என்று கேட்டார். முன்னைய வினாவினும் இது சிறந்த வினா. கதையை நம்பியிருந்தவரை அவ்வினா எழவில்லை. கல்லைப் படித்த அன்றே எழுந்தது. 1908ஐ ஒட்டிய ஆண்டுகளின் தமிழ்த் திங்களிதழ்களிலும், அறிஞர் கடிதங்களிலும், சங்கங்களின் கணக்கேடுகளிலும் அதற்கு விடை தேடுதல் முதுகலை மாணவர் ஒருவர் மேற்கொள்ளத்தக்க நல்லாய்வாகும். ஆக்சுபோர்டு செல்ல இயலாதவரும் அதனைச் செய்யலாம். செல்வோர் அக்கல்லின்முன் நின்று ஒவ்வோர் எழுத்தையும் படித்துப் பெயர்த்தெழுதிக்கொண்டு வருவாராக. போப் அடிகளார் தம்மை மாணவர் என்று கூறினாரோ இல்லையோ, அவர் கல்லின்முன் நிற்கும் நாம் மாணவராய் நிற்றலே கடன்.